லைசன்சுக்குத் துண்டு போடுகிறவர்கள்

எங்கள் டிசைன் பிரிவு காலை 9 மணிக்குத் திறக்கும். இரண்டு வருடத்துக்கு முன்பு வரை, 9:20-க்குள் வரைபட சாஃப்ட்வேருக்குப் பொதுவில் இருக்கும் 20 லைசன்சும் தீர்ந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் வரைபடத்தில் கை வைத்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான். மீதிப் பேர் கேன்டீனில் டீயோடு நிற்பார்கள். கம்ப்யூட்டரைப் போட்டதும் சாஃப்ட்வேரைத் திறந்து வைத்துவிட்டுத்தான் டீக்குப் போவது என்று ஒரு பழக்கம். காந்திபுரத்தில் பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, அதேதான். பத்து மணிக்கு என் போன் அடிக்கும். "அக்கா, லைசன்ஸ் இல்லைங்குது. யாரையாவது இறக்கி விடுங்கக்கா."

கோயம்புத்தூரில் பம்பு உதிரிகளுக்கு வார்ப்பு அச்சு வடிவமைக்கும் நிறுவனம் எங்களுடையது. பதினொரு வருடமாக அங்கே சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். வரைபட சாஃப்ட்வேரைத் தொடுகிறவர்கள் 46 பேர். அன்றைக்கு அதில் 6 பேருக்கு அவரவர் கம்ப்யூட்டரோடு கட்டிய நிலையான லைசன்ஸ். மற்ற 40 பேருக்கும் சேர்த்து, வந்தவர் எடுத்துக்கொள்ளும் மிதக்கும் லைசன்ஸ் 20. இரண்டு வருடத்துக்கு முன்பு விற்பனையாளர் வந்து "இன்னும் எட்டு வாங்கினால் பிரச்சினை தீர்ந்தது" என்று விலைப்பட்டியல் கொடுத்தார். முதலாளி கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். ஒரு மாதம் பொறுங்கள் சார் என்றேன். அந்த ஒரு மாதத்தில் செய்ததையும் அதற்குப் பிறகு பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். எங்கள் சாஃப்ட்வேர் ஃப்ளெக்ஸ்நெட் லைசன்ஸ் மேலாளரில், அதாவது சர்வரில் உட்கார்ந்து லைசன்சை எண்ணிக் கொடுத்து வாங்கும் நிரலில், ஓடுகிறது. பொறியியல் சாஃப்ட்வேர்களில் பெரும்பகுதி பல வருடங்களாக அதை நம்பித்தான் இருக்கிறது என்பதால் உங்களுக்கும் பொருந்த வாய்ப்பு அதிகம்.

முதலில் உங்களிடம் எந்த வகை இருக்கிறது என்று காகிதத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். ஞாபகத்தை நம்ப வேண்டாம். நிலையான லைசன்ஸ் என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கம்ப்யூட்டரோடு கட்டியது. யார் உட்கார்ந்தாலும் ஓடும், கம்ப்யூட்டர் மாறினால் ஓடாது. இன்னொன்று ஆளின் பெயரோடு கட்டியது. அந்த ஆள் எங்கே உட்கார்ந்தாலும் ஓடும், வேறு ஆள் தொடக்கூடாது. மிதக்கும் லைசன்ஸ் சர்வரில் இருக்கும். சாஃப்ட்வேரைத் திறந்தால் ஒன்று போகும், மூடினால் திரும்ப வரும். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது அதற்கு முக்கியமில்லை, ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு.

கம்ப்யூட்டரோடு கட்டும் வகையில் பெரும்பாலும் நெட்வொர்க் அட்டையின் மேக் முகவரியை, அதாவது அந்த அட்டைக்கென்று இருக்கும் தனி எண்ணைத்தான் அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள். இதில் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். மெல்லிய லேப்டாப், அதில் லேன் ஓட்டை கிடையாது. யுஎஸ்பியில் செருகும் ஒரு லேன் அடாப்டரைப் போட்டிருந்த நேரத்தில் அடையாள எண்ணை எடுத்து விற்பனையாளருக்கு அனுப்பிவிட்டேன். லைசன்ஸ் வந்தது, ஓடியது. மூன்று மாதம் கழித்து யாரோ அந்த அடாப்டரை மீட்டிங் அறைக்கு எடுத்துப் போனார்கள், லைசன்சும் கூடவே போய்விட்டது. அரைநாள் தேடினேன். அடையாள எண் எடுப்பதற்கு முன் டாக், அடாப்டர், டாங்கிள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உள்ளே பதித்திருக்கும் வைஃபை அட்டையின் எண்ணையோ ஹார்ட் டிஸ்க்கின் எண்ணையோ கொடுங்கள்.

சரி, இப்போது கணக்கெடுப்புக்கு வருவோம். இந்த வேலையில் முக்கால் பங்கு இதுதான்.

லைசன்ஸ் சர்வர் ஒரு லாக் கோப்பு எழுதிக்கொண்டே இருக்கும். யாராவது எடுத்தால் 'அவுட்', திருப்பிக் கொடுத்தால் 'இன்', கேட்டுக் கிடைக்காவிட்டால் 'டினைட்' என்று ஒரு வரி. ஆளின் பெயரும் கம்ப்யூட்டரின் பெயரும் அதே வரியில் இருக்கும். ஆனால் வரியில் மணி மட்டும்தான் வரும், தேதி வராது. தேதி இடையிடையே 'டைம்ஸ்டாம்ப்' என்று தனி வரியாக வரும். இதைக் கவனிக்காமல் முதல் தடவை எக்செல்லில் ஏற்றி, நான்கு வாரத்தையும் ஒரே நாளாகக் குவித்துவிட்டேன். இன்னொன்று: சர்வரை நிறுத்தித் திரும்பப் போட்டால் பழைய லாக்கின் மேலேயே புதிதாக எழுதிவிடும். அமைப்பில் லாக் கோப்பின் பாதைக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டால் பழையதன் தொடர்ச்சியாக எழுதும். கணக்கெடுப்பைத் தொடங்குவதற்கு முந்தின நாளே இதைச் செய்துவிடுங்கள்.

'டினைட்' வரிகளை அப்படியே எண்ணிக் கொண்டுபோய் முதலாளி முன் வைக்காதீர்கள். எங்கள் முதல் வாரத்தில் 300-க்கு மேல் வந்தது. பயந்துதான் போனேன். பிரித்துப் பார்த்தால் ஒரே பையன் அரை மணி நேரத்தில் நாற்பது தடவை முயன்றிருக்கிறான். சில சாஃப்ட்வேர்கள் தாமாகவே நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுப் பார்க்கும். சில நேரம் பெரிய தொகுப்பின் லைசன்சைக் கேட்டு, அது இல்லை என்றதும் சின்னத் தொகுப்பை எடுத்துக்கொண்டு வேலை செய்யும். அங்கே 'டினைட்' வரி இருக்கும், ஆளுக்கு ஒரு குறையும் இருந்திருக்காது. ஒரு நாளில் எத்தனை வெவ்வேறு ஆட்களுக்குக் கிடைக்கவில்லை, அவர்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், இந்த இரண்டை மட்டும் எடுங்கள். அப்படி எடுத்தபோது 300 என்பது வாரத்துக்கு 11 ஆட்களாகச் சுருங்கியது.

லாக் பழைய கதையைச் சொல்லும். இந்த நிமிடத்தில் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க 'எல்எம்ஸ்டாட்' கட்டளை இருக்கிறது. அதைக் கால் மணிக்கு ஒருமுறை ஓடவிட்டு ஒரு கோப்பில் சேர்த்தேன். அதோடு ஒரு காரியம் செய்தேன், இது எந்தக் கையேட்டிலும் இருக்காது. காலை 9:30, மதியம் 1:15, மாலை 5:30 என்று மூன்று நேரம் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தளத்தைச் சுற்றி நடந்தேன். பட்டியலில் பெயர் இருக்கிறது, நாற்காலியில் ஆள் இருக்கிறாரா? மதியம் 1:15-க்கு 19 லைசன்ஸ் வெளியே இருந்தது, நாற்காலியில் இருந்தவர்கள் 4 பேர். மாலையில் போனால் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள் மூன்று பேர் மூடாமலே ஸ்கிரீனைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

இன்னொரு ஓட்டையும் அந்த நடையில்தான் தெரிந்தது. எங்கள் சாஃப்ட்வேரில் ஷீட் மெட்டல், குழாய்ப் பாதை என்று கூடுதல் பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி லைசன்ஸ், அதுவும் இரண்டு மூன்றுதான் இருக்கும். தொடக்க அமைப்பில் யாரோ எப்போதோ டிக் செய்து வைத்திருந்ததால், சாஃப்ட்வேரைத் திறந்தவுடனே அதையும் அள்ளிக்கொண்டது. அந்தப் பகுதியை வாழ்க்கையில் திறக்காதவர் கையில் அது நாள் முழுக்க இருந்தது. டிக்கை எடுத்தேன், ஒரு ரூபாய் செலவில்லாமல் அந்தப் புகார் நின்றது.

இனி துண்டை எடுக்கும் வேலை. ஃப்ளெக்ஸ்நெட்டில் 'ஆப்ஷன்ஸ்' கோப்பு என்று ஒன்று உண்டு. யாருக்கு எது, எத்தனை, எவ்வளவு நேரம் என்று சாதாரண எழுத்தில் எழுதி வைக்கலாம். அதில் 'டைம்அவுட்' என்று ஒரு வரி எழுதி நொடிக் கணக்கைக் கொடுத்தால், அவ்வளவு நேரம் சும்மா கிடக்கும் லைசன்சைச் சர்வர் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆனால் சாஃப்ட்வேரை எழுதியவர்கள் அதற்கு இடம் கொடுத்திருக்க வேண்டும். குறைந்தபட்ச நேரத்தையும் அவர்களே வைத்திருப்பார்கள், 15 நிமிடம் என்று இருப்பது வழக்கம். நீங்கள் 5 நிமிடம் என்று எழுதினாலும் நடக்காது. 'சும்மா' என்றால் என்ன என்பதும் அவர்கள் முடிவு. சில சாஃப்ட்வேர்கள் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கீட்டை வேலையாக எடுத்துக்கொள்ளும், சில மவுசை மட்டும் பார்க்கும். இரவு முழுக்க ஓட வேண்டிய கணக்கீடு நடுவில் நின்று போனால் மறுநாள் காலை உங்கள் கதி என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் முதலில் உங்கள் மேசையிலேயே சோதித்துப் பாருங்கள். ஒரு வரைபடத்தைத் திறந்து, சேமிக்காமல் நாலு கோடு போட்டுவிட்டு, நேரம் கடக்க விடுங்கள். திரும்பி வந்து மவுசைத் தொட்டால் சாஃப்ட்வேர் தானாகவே மறுபடி ஒன்றை எடுக்க வேண்டும். எல்லாம் தீர்ந்துபோன நிலையில் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எங்களுடையது சேமிக்க விடுகிறது, அதற்கு மேல் வரைய விடுவதில்லை. அது போதும். இதைத் தளத்தில் எல்லோர் முன்பும் செய்து காட்டினேன். "வேலை போயிடுமாக்கா" என்ற கேள்விக்குச் சர்க்குலர் பதில் ஆகாது.

நேரத்தையும் படிப்படியாகக் குறையுங்கள். முதல் வாரம் இரண்டு மணி நேரம் வைத்தேன், யாருக்கும் தெரியவே இல்லை. பிறகு ஒரு மணி நேரம். அரை மணிக்குக் குறைத்தபோது மீட்டிங் முடிந்து வந்தவர்கள் சண்டைக்கு வந்தார்கள், திரும்ப ஒரு மணிக்கே ஏற்றிவிட்டேன். அதோடு எங்கள் உச்ச எண்ணிக்கை 20-லிருந்து பெரும்பாலான நாட்களில் 16, 17 ஆக இறங்கியது.

ஆப்ஷன்ஸ் கோப்பில் இன்னும் சில வரிகள் உண்டு, கவனமாகத் தொட வேண்டியவை. 'ரிசர்வ்' என்று எழுதினால் அத்தனை லைசன்ஸ் அந்தக் குழுவுக்கு ஒதுங்கிவிடும். அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும். எங்கள் மேலாளர் ஒருவர் தன் ஆட்களுக்கு நாலு ஒதுக்கியே தீர வேண்டும் என்றார். ஒதுக்கினேன். அடுத்த சனிக்கிழமை அவர் அணி முழுவதும் விடுப்பு. நாலு லைசன்ஸ் பூட்டிக் கிடக்க, வேறு மூன்று பேர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அறிக்கையை அச்சடித்து அவர் மேசையில் வைத்தேன். ஒன்றும் பேசவில்லை, எடுத்துவிடச் சொன்னார். ஒதுக்குவதற்குப் பதில் 'மேக்ஸ்' பாருங்கள். ஒரு குழு இத்தனைக்கு மேல் எடுக்கக்கூடாது என்ற உச்சவரம்பு மட்டும் போடும், மிச்சம் பொதுவிலேயே இருக்கும். பொதுக் குளத்தைத் துறை வாரியாகப் பாத்தி கட்டினால் எப்போதும் நஷ்டம்தான். பத்துப் பேருக்கு ஐந்து என்று நாலு பாத்தியில் இருப்பதைவிட, நாற்பது பேருக்கு இருபது என்று ஒரே குளத்தில் இருக்கும்போது கிடைக்காமல் போவது குறைவு. எல்லாப் பாத்தியும் ஒரே நேரத்தில் வறண்டு போகாது.

'இன்க்ளூட்' வரியில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு குழுவை உள்ளே சேர்க்கிறேன் என்று நினைத்து எழுதுவோம். எழுதிய நொடியில் அந்தக் குழுவில் இல்லாத அத்தனை பேரும் வெளியே போய்விடுவார்கள். பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தையும் அது பார்க்கும். பார்க்க வேண்டாம் என்று தனி வரி எழுதினால் ஒழிய. எழுத்துப்பிழை இருந்தால் திரையில் கத்தாது, லாக்கில் ஒரு வரி முணுமுணுத்துவிட்டுப் போகும். கோப்பை மாற்றிச் சர்வரை மறுபடி படிக்கச் சொன்னதும் லாக்கின் கடைசி ஐம்பது வரிகளைப் பாருங்கள்.

அப்புறம் கடன் வாங்குவது. வாடிக்கையாளர் இடத்துக்குப் போகிறவர் லைசன்சை லேப்டாப்பில் சில நாட்களுக்கு எடுத்துப் போகலாம். அத்தனை நாளும் சர்வர் கணக்கில் ஒன்று குறைந்திருக்கும். முன்கூட்டியே திருப்ப வேண்டுமானால் அதே லேப்டாப்பிலிருந்துதான் திருப்ப முடியும். எங்களிடம் ஒருவர் 30 நாளைக்கு எடுத்தார், ஐந்தாம் நாள் வேலையை விட்டார். லேப்டாப்பைத் திரும்ப வாங்கியவுடன் நானே, என் கையாலேயே, அதை ஃபார்மட் செய்தேன். 25 நாள் அந்த லைசன்ஸ் எங்கேயோ அந்தரத்தில் தொங்கியது. இப்போது ஆப்ஷன்ஸ் கோப்பில் அதிகபட்சம் 96 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறேன். எத்தனை பேர் கடன் எடுத்துப் போனாலும் 14 உள்ளேயே இருக்க வேண்டும் என்றும் ஒரு வரி. அதற்கும் அதே கோப்பில் வழி இருக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகுதான் வாங்கும் கேள்வி. அதன் பிறகு எடுத்த நான்கு வாரக் கணக்கில் மாதக் கடைசி மூன்று நாட்களில் மட்டும் 20-ம் தீர்ந்தன, அதிகபட்சம் 5 பேர் காத்திருந்தார்கள். பொதுவிலிருந்து எடுப்பவர்களைத் தினசரி மணி நேர வாரியாக வரிசைப்படுத்தினேன். உச்சியில் மூன்று பேர். அவர்கள் காலை எடுத்தால் மாலைதான் விடுவார்கள், நடுவில் உண்மையாகவே வேலை செய்கிறார்கள். இப்படிப்பட்டவர் மிதக்கும் லைசன்சை வைத்திருப்பது வாடகைக் காரை நாள் முழுக்க வாசலில் நிறுத்தி வைப்பது மாதிரி. எங்களுக்கு வந்த விலையில் ஒரு மிதக்கும் லைசன்ஸ், நிலையானதைப்போல் ஒன்றரை மடங்கு. ஒன்றரை மடங்கு கொடுத்தால் அது ஒன்றரை ஆளுக்கு மேல் வேலை செய்ய வேண்டும். இந்த மூவரிடம் ஓர் ஆளுக்குத்தான் செய்கிறது. ஆக மூவருக்கும் நிலையானது வாங்கினோம். செலவு இரண்டு மிதக்கும் லைசன்சின் விலை. பொதுக் குளத்தில் நடைமுறையில் மூன்று இடம் கூடியது. விற்பனையாளர் சொன்ன எட்டு எங்கே, இது எங்கே! மாதக் கடைசியில் இரண்டு பேர் இன்னமும் கொஞ்சம் காத்திருக்கத்தான் செய்கிறார்கள். அந்த மூன்று நாளுக்காக வருடம் முழுக்கப் பராமரிப்புத் தொகை கட்ட முதலாளிக்கும் மனமில்லை, எனக்கும் இல்லை.

உங்கள் விகிதம் வேறாக இருக்கும். விலை மடங்கை உங்கள் விலைப்பட்டியலிலிருந்தே எடுங்கள்.

பெயரோடு கட்டும் வகைக்கு இந்த லாக் வித்தை எதுவும் உதவாது. அங்கே ஆள் பட்டியல்தான் எல்லாம். சந்தையும் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் 2020-ல் பலர் பகிரும் சந்தாக்களைக் கைவிட்டுப் பெயர் வாரியான சந்தாவுக்கு மாற ஆரம்பித்தது. அப்போது ஒன்றைக் கொடுத்தால் இரண்டு பெயர் என்று மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு லைசன்சை இரண்டு பேருக்குள் பகிர்ந்த இடங்களுக்கு அது சரி. நாலு பேர் மாறி மாறிப் பயன்படுத்திய இடங்களுக்குச் செலவு ஏறியிருக்கும். இந்த வகையில் ஒரே ஐடியை மூன்று ஷிப்டும் பகிர்வது ஒப்பந்த மீறல். வேறு சாஃப்ட்வேர் வழியாக உள்ளே வருகிறவர்களும் கணக்கில் வரலாம். லண்டனில் வணிக நிர்வாக சாஃப்ட்வேர் விற்கும் சாப் நிறுவனம், மதுபான நிறுவனமான டியாஜியோ மீது போட்ட வழக்கில் இதைத்தான் கேட்டார்கள். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வேறு நிறுவன சாஃப்ட்வேர் மேல் கட்டிய செயலிகள் வழியாக வாடிக்கையாளர்களும் விற்பனை ஆட்களும் சாப்பின் தகவலைத் தொட்டதற்கு, 5 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு மேல். பிப்ரவரி 2017-ல் நீதிமன்றம் சாப்புக்குச் சாதகமாக, டியாஜியோவுக்குப் பொறுப்பு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. தொகை எவ்வளவு என்பதை அப்போது முடிவு செய்யவில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் 'பயனர்' என்ற சொல்லுக்கு என்ன விளக்கம் எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடுங்கள். அதே காகிதத்தில் எந்த ஊர், எந்த நாட்டு எல்லைக்குள் பயன்படுத்தலாம் என்பதும் இருக்கும். வீட்டிலிருந்து விபிஎன் வழியாக வேலை செய்பவருக்கு அது முக்கியம்.

சர்வரைப் பற்றி இரண்டே விஷயம். ஃப்ளெக்ஸ்நெட்டின் முக்கிய நிரல் வழக்கமாக 27000-லிருந்து 27009-க்குள் ஒரு போர்ட்டில் (நெட்வொர்க்கில் நிரலைத் தேடி வரும் வாசல் எண்) காத்திருக்கும். ஆனால் லைசன்சைக் கையில் கொடுப்பது சாஃப்ட்வேர் நிறுவனத்தின் தனி நிரல். அதற்கு நீங்கள் போர்ட் எண் எழுதி வைக்காவிட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு எண்ணில் எழுந்திருக்கும். சர்வரை ரீஸ்டார்ட் செய்த மறுநாள் "நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓடலை" என்று போன் வந்தால் பத்தில் ஒன்பது முறை இதுதான், ஃபயர்வால் புதிய எண்ணைத் தடுத்திருக்கும். லைசன்ஸ் கோப்பில் 'வெண்டர்' வரியில் எண்ணை எழுதி, ஃபயர்வாலில் இரண்டையும் திறந்து விடுங்கள். இரண்டாவது, சர்வர் மெய்நிகர் இயந்திரமாக (இன்னொரு கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேராக ஓடும் கம்ப்யூட்டர்) இருந்தால் அதன் மேக் முகவரியை நிலையாகக் கட்டிவிடுங்கள். வேறு பெட்டிக்கு நகர்த்தும்போது அது மாறினால் எல்லா லைசன்சும் செல்லாது. மூன்று சர்வர் வைத்தால் ஒன்று விழுந்தாலும் ஓடும் என்பார்கள், உண்மைதான், இரண்டு உயிரோடு இருந்தால் போதும். ஆனால் எங்கள் அளவுக்கு மூன்றைப் பார்த்துக்கொள்வதைவிட ஒன்றை ஒழுங்காக பேக்கப் எடுப்பதே சுலபம்.

யாருடைய கம்ப்யூட்டராவது தொங்கிப்போனால் அவர் கையில் இருந்த லைசன்ஸ் உடனே திரும்பாது. நெட்வொர்க் அறுந்ததைச் சர்வர் உணர இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். 'எல்எம்ரிமூவ்' கட்டளையால் பிடுங்கலாம். பிடுங்குவதற்கு முன் அந்த ஆளுக்கு ஒரு போன் போடுங்கள். நான் ஒருமுறை போடாமல் பிடுங்கினேன். அவர் தொங்கவில்லை, பெரிய அசெம்பிளி ஏறுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

லைசன்ஸ் முடியும் தேதிக்கு 90 நாள் முன்பும் 30 நாள் முன்பும் என் காலண்டரில் மணி அடிக்கும். 90-ம் நாள் அடித்ததும் கடைசி மூன்று மாத லாக்கை எடுத்துக்கொண்டு உட்காருவேன். விற்பனையாளர் வருவதற்குள் எண்கள் கையில் இருக்க வேண்டும். எச்.ஆரிடம் பேசி, வேலையை விடுகிறவர்களின் படிவத்தில் அடையாள அட்டை, லேப்டாப், சிம் கார்டு ஆகியவற்றுக்குக் கீழே "லைசன்ஸ் திருப்பப்பட்டது" என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம். அதில் நான் கையெழுத்துப் போட்டால்தான் கடைசி மாதச் சம்பளம் போகும். போன வாரம் ஒரு பையன் அந்தக் கட்டத்தைக் காட்டி "இது என்னங்கக்கா, நான் எதையும் எடுத்துட்டுப் போகலையே" என்றான். எல்எம்ஸ்டாட் ஓட்டிப் பார்த்தேன். கடன் எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது, இன்னும் இரண்டு நாள் பாக்கி. லேப்டாப்பைத் திரும்ப ஆன் செய்யச் சொன்னேன்.